2019-20 தென்னாப்பிரிக்கக் கால்பந்து லீக்: சீஃப்ஸ் கோப்பையை எந்த இடத்தில் கோட்டை விட்டது?

மிட்ராண்ட்வாசி

பக்கத்து இழையில் யாரோ "கடைசி நாளில் கோப்பையைக் கோட்டை விட்ட அணிகள்" என்று பட்டியல் போட்டிருந்தார்கள். எல்லாம் ஐரோப்பிய அணிகள். கைசர் சீஃப்ஸ் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த ஆற்றாமையில் இந்த இழை.

2020-இல் நான் ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவே மிட்ராண்டில் வாடகைக்கு இருந்தேன். செப்டம்பர் 5, சனிக்கிழமை. எங்கள் குடியிருப்பு வாசலில் காவலுக்கு இருந்தவர் லிம்போபோ மாகாணத்துக்காரர். சீருடைக்கு உள்ளே சீஃப்ஸ் ஜெர்சி. மேல் பட்டன் இரண்டைக் கழற்றிவிட்டு அந்தத் தங்க மஞ்சள் வெளியே தெரியும்படி வைத்திருந்தார். மேசையில் சின்ன ரேடியோ, தொபேலா எஃப்எம், செபெடி மொழியில் வர்ணனை. கையில் போன், அதில் இன்னோர் ஆட்டத்தின் ஸ்கோர். காதுக்கு ஓர் ஆட்டம், கண்ணுக்கு ஓர் ஆட்டம்.

நிலவரம் இதுதான். 29 ஆட்டங்கள் முடிந்து சீஃப்ஸ் 56 புள்ளி, மமெலோடி சண்டவுன்ஸும் 56 புள்ளி. கோல் வித்தியாசத்தில் சீஃப்ஸ் முதலிடம். ஆர்லாண்டோ ஸ்டேடியத்தில் சீஃப்ஸுக்கு எதிரே பரோகா. டோப்சன்வில் ஸ்டேடியத்தில் சண்டவுன்ஸுக்கு எதிரே பிளாக் லெப்பர்ட்ஸ். இரண்டு மைதானமும் சொவேட்டோவுக்குள்தான். இரண்டிலும் பார்வையாளர் ஒருவர்கூடக் கிடையாது, கொரோனா காலம்.

முதல் பாதியில் காமா பிலியாட் கோல் அடித்தார். நம் காவலர் கூண்டை விட்டு வெளியே வந்து, வண்டி எதுவும் வராமலேயே கேட்டைத் திறந்து மூடினார். இரண்டாம் பாதியில் பரோகாவின் மானுவேல் கம்பாலா சமன் செய்தார். ரேடியோ சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை. ஆட்டம் 1-1. அங்கே சண்டவுன்ஸ் 3-0. இறுதிக் கணக்கு சண்டவுன்ஸ் 59, சீஃப்ஸ் 57.

எல்லோரும் அந்த இரண்டாம் பாதியைத்தான் பேசுவார்கள். என் கட்சி வேறு. கோப்பை அங்கே போகவில்லை. அது போன கதை 2019 மே மாதத்திலேயே ஆரம்பிக்கிறது. முதலில் நீங்கள் சொல்லுங்கள், அப்புறம் நான் விளக்குகிறேன்.

அரைநேரம்

அண்ணே, சஸ்பென்ஸ் எல்லாம் வேண்டாம். கோச் எர்ன்ஸ்ட் மிடென்டோர்ப்தான் காரணம். நீளப் பந்து, நீளப் பந்து, மறுபடி நீளப் பந்து. முன்னால் செர்பியாக்காரர் சமீர் நுர்கோவிச் தலையால் இறக்கித் தருவார், இல்லையென்றால் கொலம்பியாக்காரர் லியனார்டோ காஸ்ட்ரோ. லெபோகாங் மன்யாமா ஃப்ரீ கிக் போடுவார், எரிக் மத்தோஹோ எகிறி முட்டுவார். பாதி சீசனுக்கு இது செல்லும். எதிரணி எல்லாம் பாடம் படித்த பிறகு மாற்று வழி கிடையாது. அவ்வளவுதான் கதை.

பழைய பந்து

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நீளப் பந்தை வைத்துத்தான் 22 ஆட்டத்தில் 48 புள்ளி எடுத்தார்கள். ஆர்லாண்டோ பைரட்ஸை லீக்கில் இரண்டு முறையும் வென்றார்கள். 2019 நவம்பரில் 3-2, 2020 பிப்ரவரி 29 அன்று 1-0. அந்த 1-0கூட பைரட்ஸின் வேய்ட் ஜூஸ்ட் போட்ட சேம் சைடு கோல்தான், சரி. ஆனாலும் வெற்றி வெற்றிதானே.

அழகு வேண்டுமென்றால் சண்டவுன்ஸ் ஆட்டம் பாருங்கள். சீஃப்ஸுக்குத் தேவைப்பட்டது புள்ளி. 2015-இல் ஸ்டூவர்ட் பாக்ஸ்டர் வாங்கித் தந்த லீக் கோப்பைக்குப் பிறகு அலமாரியில் ஒன்றும் சேரவில்லை. அந்த நிலைமையில் பந்தை யார் எத்தனை அடி தூரம் உதைத்தால் என்ன?

கோல்கம்பம்

இந்த லீக்கை நான் பார்த்ததே இல்லை. ஒரே கேள்வி. சீஃப்ஸ் தோற்றால் ஏன் ஊரே இழவு வீடு ஆகிறது? பேரே புதுசாக இருக்கிறது.

மிட்ராண்ட்வாசி

@கோல்கம்பம், கைசர் மொதாங் என்றொரு ஆட்டக்காரர். பைரட்ஸில் ஆடியவர். அமெரிக்காவுக்குப் போய் அட்லாண்டா சீஃப்ஸ் அணிக்கு விளையாடினார். திரும்பி வந்து 1970 ஜனவரி 7 அன்று சொந்தமாக அணி தொடங்கினார். தன் பெயரில் பாதி, ஆடிய அணியின் பெயரில் பாதி. அதுதான் கைசர் சீஃப்ஸ். நிறவெறி ஆட்சி நடந்த காலம். ஞாயிறு ஆட்டம் என்பது சொவேட்டோ மக்களுக்கு வெறும் விளையாட்டாக இருக்கவில்லை.

அதனால் இந்த அணிக்கு ஊர் எல்லை இல்லை. டர்பனில், போலோக்வானேயில், கேப் டவுனில், எங்கே ஆடினாலும் பாதி மைதானம் தங்க மஞ்சள்தான். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவது அவர்கள் அடையாளம். பெட்ரோல் பங்கில் நீங்கள் விரலைக் காட்டினால் கண்ணாடி துடைப்பவர் பதிலுக்குக் காட்டுவார். இல்லையென்றால் முறைப்பார், அவர் பைரட்ஸ்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1970 பிளஸ் 50. பொன்விழா ஆண்டிலேயே கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஒரு கட்டத்தில் சண்டவுன்ஸைவிட இரட்டை இலக்கப் புள்ளிகள் முன்னே இருந்தார்கள். அதனால்தான் இழவு வீடு.

அரைநேரம்

அந்த இரட்டை இலக்கம் ஏமாற்றுக் கணக்கு அண்ணே. சண்டவுன்ஸுக்கு ஆட வேண்டிய ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக், உள்ளூர்க் கோப்பைகள் என்று அலைந்துகொண்டிருந்தார்கள். பட்டியலைப் பார்த்தால் பின்தங்கிய மாதிரி தெரியும்.

மிட்ராண்ட்வாசி

அங்கேதான் வருகிறேன் தம்பி. நீயே எடுத்துக் கொடுத்துவிட்டாய்.

2018-19 சீசனில் சீஃப்ஸ் ஒன்பதாம் இடம். அந்த மே மாதம் நெட்பேங்க் கோப்பை இறுதிப் போட்டியில் இரண்டாம் பிரிவு அணியான டிஎஸ் கேலக்ஸியிடம் 1-0 தோல்வி. எல்லோரும் அதை அவமானம் என்றார்கள். அவமானம்தான். ஆனால் அது என்ன கொடுத்தது என்று யாரும் கணக்குப் போடவில்லை. எம்டிஎன் எய்ட் என்ற கோப்பை முதல் எட்டு அணிகளுக்கு மட்டும். ஒன்பதாம் இடத்துக்கு அழைப்பு கிடையாது. ஆப்பிரிக்கப் போட்டிகளும் கிடையாது. அதாவது 2019 ஆகஸ்டில் சீஃப்ஸ் ஏறக்குறைய ஒரே வேலையோடு சீசனைத் தொடங்கியது. வாரம் ஓர் ஆட்டம், நடுவில் முழுப் பயிற்சி, காயம் ஆறுவதற்கு நேரம். மிடென்டோர்ப் மாதிரி உடம்பு பலத்தை நம்பி ஆடவைக்கும் கோச்சுக்கு இதைவிட என்ன வரம் வேண்டும்?

எதிர்ப்பக்கம் பாருங்கள். அதே பிப்ரவரி 29 அன்று, சீஃப்ஸ் பைரட்ஸை வென்ற நாளில், சண்டவுன்ஸ் கெய்ரோவில் அல் அஹ்லியிடம் 2-0 தோற்றுக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் பிரிட்டோரியாவில் 1-1, காலிறுதியோடு வெளியே. விமானம், ஹோட்டல், மறுபடி லீக் ஆட்டம். மூன்று நாளைக்கு ஒரு முறை ஆடியே பழகிய அணி.

மார்ச் 16-இல் லீக் நின்றது. அப்போது சீஃப்ஸ் 22 ஆட்டத்தில் 48, சண்டவுன்ஸ் 21 ஆட்டத்தில் 44. ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். எல்லா அணியையும் கௌட்டெங் மாகாணத்துக்குள் ஒரே பயோ பபிளில் அடைத்து, நாலு வாரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தார்கள். சீஃப்ஸுக்கு அந்த நாலு வாரத்தில் 8 ஆட்டம். வாரத்துக்கு ஒன்று ஆடிய அணி திடீரென்று சண்டவுன்ஸின் பிழைப்பைப் பிழைக்க வேண்டி வந்தது.

அந்த 8 ஆட்டத்தில் கிடைத்தது 9 புள்ளி. 24-க்கு 9. பரோகா ஆட்டம் அதில் ஒன்றுதான்.

பழைய பந்து

இது கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. சண்டவுன்ஸும் அந்த நாலு வாரத்தில் பறக்கவில்லையே. 9 ஆட்டத்தில் 15 புள்ளி. திரும்பி வந்த முதல் லீக் ஆட்டமே பைரட்ஸோடு 0-0. பழகிய அணி என்றால் 20 புள்ளியாவது எடுத்திருக்க வேண்டாமா?

மிட்ராண்ட்வாசி

15 போதுமானதாக இருந்ததே, அதுதான் விஷயம். அந்த நாலு வாரத்திலேயே அவர்கள் நெட்பேங்க் கோப்பை அரையிறுதியும் சேர்த்து ஆடினார்கள். அவர்களுடைய கோச் பிட்சோ மொசிமானே ஆளை மாற்றி மாற்றி இறக்குவார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் வேறு அணியில் இருந்தால் கேப்டனாக இருப்பார். சீஃப்ஸில் நுர்கோவிச் களைத்தால் நுர்கோவிச்தான் தொடர்ந்து ஓட வேண்டும்.

கிழக்கு வாசல்

சண்டவுன்ஸ் அந்த வருஷம் நாலு கோப்பையும் வாங்கினார்கள் இல்லையா? லீக், எம்டிஎன் எய்ட், டெல்காம், நெட்பேங்க்?

அரைநேரம்

மூன்று. எம்டிஎன் எய்ட்டை சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட் வாங்கியது, இறுதியில் ஹைலண்ட்ஸ் பார்க்கை 1-0 என்று வென்று. டெல்காம் நாக்அவுட் 2019 டிசம்பரில் சண்டவுன்ஸ், மரிட்ஸ்பர்க் யுனைடெடுக்கு எதிராக 2-1. லீக் செப்டம்பர் 5. நெட்பேங்க் செப்டம்பர் 12, புளூம்ஃபொன்டைன் செல்டிக்கை 1-0. கடைசிக் கட்டத்தில் மோசா லெபுசா அடித்த கோல்.

மூன்று கோப்பை எடுத்த அணியைப் பற்றி "எதிராளி களைத்துப் போனான்" என்று எழுதுவது நியாயமா அண்ணே? தொடர்ந்து மூன்றாவது லீக் கோப்பை. பிஎஸ்எல் காலத்தில், அதாவது லீக் இப்போதைய வடிவுக்கு வந்த பிறகு, பத்தாவது. தெம்பா ஸ்வானே அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர். காஸ்டன் சிரினோ. கோலில் உகாண்டாவின் டெனிஸ் ஒன்யாங்கோ. இவர்கள் எல்லாம் பட்டியலில் பின்னால் இருந்தபோதும் பதறவே இல்லை.

மிட்ராண்ட்வாசி

நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன். என் சோகத்தில் சண்டவுன்ஸுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை குறைந்துவிட்டது. ஆனால் பதறாமல் இருக்க முதலாளி பத்ரிஸ் மொட்சேபேயின் சுரங்கப் பணமும் கொஞ்சம் உதவும், அதையும் சொல்.

டர்பன்காரன்

இரண்டு பக்கமும் படித்தேன். எல்லோரும் மேல் இரண்டு இடத்தையே பேசுகிறீர்கள். எனக்கு அந்த சீசன் என்றால் நாலாவது இடம்தான்.

பிட்வெஸ்ட் விட்ஸ். 1921-இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய அணி. "கிளெவர் பாய்ஸ்" என்று செல்லப் பெயர். 2016-17-இல் கேவின் ஹன்ட் பயிற்சியில் முதல் முறையாக லீக் கோப்பை. அதற்கு மூன்று வருஷம் கழித்து, லாக்டவுனில் ஆட்டமே நின்றிருந்த நேரத்தில், ஜூன் 2020-இல் செய்தி வந்தது: அணியை விற்றாயிற்று. வாங்கியது ஷகூமா ட்ஷா மட்சிவாண்டிலா, சுருக்கமாக டிடிஎம், லிம்போபோவிலிருந்து.

கவனியுங்கள், அணியை வாங்கி அதே பெயரில் நடத்தவில்லை. முதல் பிரிவில் ஆடும் இடத்தை மட்டும் வாங்கினார்கள். பஸ் சீட்டை விற்பது மாதிரி. 99 வருஷப் பெயர் அத்தோடு காலி. நூறாவது பிறந்தநாளுக்கு ஒரு வருஷம் பாக்கி. தன் அணி செத்துவிட்டது என்று தெரிந்துகொண்டே அந்தப் பையன்கள் ஆகஸ்டில் பபிளுக்குள் வந்து ஆடினார்கள். ஆடி நாலாம் இடம் பிடித்தார்கள், மூன்றாம் இடத்துப் பைரட்ஸுக்குச் சமமாக 52 புள்ளி. நூறாவது வருஷத்தில் அந்த ஆட்டக்காரர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? துலானி ஹ்லட்ஷ்வாயோ, டியான் ஹோட்டோ இரண்டு பேரும் பைரட்ஸில்.

கோல்கம்பம்

இடத்தை விற்கலாமா? அப்படியென்றால் கீழ்ப் பிரிவில் ஜெயித்து மேலே வருவதற்கு என்ன அர்த்தம்?

டர்பன்காரன்

அங்கே இது சாதாரண வியாபாரம் தம்பி. அதே 2020 செப்டம்பரில் ஹைலண்ட்ஸ் பார்க்கும் தன் இடத்தை விற்றது. வாங்கியது யார்? மேலே அண்ணன் சொன்ன டிஎஸ் கேலக்ஸிதான். சீஃப்ஸை 2019 இறுதிப் போட்டியில் தோற்கடித்த அதே இரண்டாம் பிரிவு அணி. மைதானத்தில் ஏறி வராத படியை காசோலையில் ஏறி வந்தார்கள்.

இன்னும் கேளுங்கள். டிடிஎம் வாங்கிய இடத்தை ஒரு வருஷம்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை, கைமாறி மருமோ கேலன்ட்ஸ் ஆனது. நடுவில் 2021 மேயில் நெட்பேங்க் கோப்பையையும் வாங்கிவிட்டார்கள், கூத்தைப் பாருங்கள். அந்த கேலன்ட்ஸ் 2023-இல் ஆப்பிரிக்கக் கான்ஃபெடரேஷன் கோப்பையில் அரையிறுதி வரை போனது, அதே சீசனில் உள்ளூர் லீக்கில் கீழே இறங்கியது. செப்டம்பர் 12 இறுதிப் போட்டியில் ஆடிய புளூம்ஃபொன்டைன் செல்டிக்? அடுத்த வருஷம் ராயல் ஏஎம் என்ற அணிக்கு விற்பனை. பாட்டும் ஆட்டமுமாக மைதானத்தை நிறைக்கும் ரசிகர் கூட்டம் செல்டிக்குடையது. ஒரே நாளில் அவர்களுக்கு அணி இல்லை.

எங்கள் பக்கத்துக் கதையும் ஒன்று. இந்த லீக் இப்போதைய வடிவில் தொடங்கிய முதல் சீசன் 1996-97. கோப்பை வாங்கியது சீஃப்ஸும் இல்லை, பைரட்ஸும் இல்லை. மேனிங் ரேஞ்சர்ஸ், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து. இந்திய வம்சாவளியினருக்கென்று நிறவெறி அரசு ஒதுக்கிய பகுதி அது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர்களின் பேரன் பேத்திகள் ஆயிரக்கணக்கில் வாழ்கிற இடம். கோச் கோர்டன் இகசண்ட். இன்றைக்கு அந்தத் தெருக்களில் நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்று கதவுப் பலகை பார்க்கலாம், மேனிங் ரேஞ்சர்ஸைப் பார்க்க முடியாது. அந்த இடமும் விற்கப்பட்டு கேப் டவுன் பக்கம் போய்விட்டது.

நான் வேலைக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர், என்னைத் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும் முதலில் கேட்டது முருகன் கோயில் பற்றி. இரண்டாவதாகச் சொன்னது, "வீ வேர் த ஃபர்ஸ்ட் சாம்பியன்ஸ், யூ நோ." தமிழ் அவருக்கு நாலைந்து சொல்தான் வரும். அந்த வாக்கியத்தை மட்டும் என்னிடம் மாதம் ஒரு முறை சொல்வார்.

பழைய பந்து

இது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி. தனி இழை போடுங்கள் ஐயா, இங்கே மறைந்துவிடும்.

நடுவர் விசில்

பபிள் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்று நாலு மாதம் அங்கே நடந்தது பெரும்பாலும் சண்டைதான். லீக்கை நடத்துவது பிஎஸ்எல், அப்போது தலைவர் இர்வின் கோசா. இவர் பைரட்ஸ் முதலாளியும்கூட. நாட்டுக் கால்பந்துச் சங்கம் சாஃபா, அப்போது தலைவர் டேனி ஜோர்டான். எப்போது தொடங்கலாம், நடுவர்கள் தயாரா, மைதானம் பாதுகாப்பா என்று இரண்டு பக்கமும் மாறி மாறி அறிக்கை விட்டார்கள். இந்த இழுபறியில் எந்த அணிக்கும் எப்போது பயிற்சியைத் தொடங்குவது என்றே தெளிவில்லை. மிட்ராண்ட்வாசி சொல்வதில் இதையும் சேர்க்க வேண்டும். உடல் வலுவை நம்பி ஆடும் அணிக்குத்தான் திட்டமில்லாத ஓய்வு அதிகம் கெடுதல் செய்யும். பந்தைக் கைவசம் வைத்து ஆடும் அணி மூச்சு வாங்கிக்கொண்டே ஆடலாம்.

அரைநேரம்

ஆக எல்லோரும் சேர்ந்து கொரோனாமேல் பழியைப் போட்டாயிற்று. சரி. பிலியாட் கோலுக்குப் பிறகு இரண்டாவது கோலுக்குப் போகாமல் பின்வாங்கினார்களே, அதற்கும் கொரோனாவா? சண்டவுன்ஸ் லெப்பர்ட்ஸை வெல்லாது என்று யாராவது நம்பியிருப்பார்களா? வென்றால்தான் கோப்பை என்று தெரியும். பரோகாவோ கீழே இறங்கும் பயத்தில் வந்த அணி. அப்படிப்பட்ட அணி கடைசி நாளில் காலைக் கடிக்கும், விடாது.

மிட்ராண்ட்வாசி

அந்த 45 நிமிடத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பார்க்கச் சகிக்காத ஆட்டம். நான் சொல்வது, நன்றாக ஓடக்கூடிய அணியாக இருந்திருந்தால் அந்த நாளுக்கு முன்பே கோப்பை முடிவாகியிருக்கும். 24-க்கு 9-க்குப் பதில் 12 எடுத்திருந்தால் இந்த இழையே கிடையாது.

பரோகாவைப் பற்றி இன்னொன்று. அது கா-ம்பாஹ்லேலே என்ற கிராமத்து அணி. 2016 நவம்பரில் பைரட்ஸுக்கு எதிராக 1-0 பின்தங்கியிருந்தபோது, கூடுதல் நேரத்தில், அவர்களுடைய கோல்கீப்பர் ஆஸ்கரீன் மசுலுகே முன்னால் ஓடிவந்து அந்தரத்தில் புரண்டு பைசிக்கிள் கிக்கில் சமன் செய்தாரே, அந்த அணிதான். அது வருஷத்தின் சிறந்த கோலுக்கு ஃபிஃபா தரும் புஷ்காஷ் விருதில் இரண்டாம் இடம் வரை போனது. பெரிய அணிகளிடமிருந்து கடைசி நேரத்தில் புள்ளி பிடுங்குவது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில்.

கோல்கம்பம்

இப்போதுதான் யூடியூபில் பார்த்தேன். கோல்கீப்பரா அது! நம்பவே முடியவில்லை.

கிழக்கு வாசல்

அந்த வருஷம் அதிக கோல் யார்?

பழைய பந்து

இருவர், தலா 16. பைரட்ஸின் கபடின்யோ ம்ஹாங்கோ, மலாவிக்காரர். ஹைலண்ட்ஸ் பார்க்கின் பீட்டர் ஷாலுலிலே, நமீபியாக்காரர். ஷாலுலிலேயின் அணி காலிக்கு வைத்த கடை மாதிரி விலைபோனதும் அவரைச் சண்டவுன்ஸ் தூக்கிக்கொண்டது. ஒரு சீசன் விட்டு அடுத்ததில் 23 கோல்.

இன்னொன்று கவனித்தீர்களா? கடைசி நாள் ஆர்லாண்டோவில் விழுந்த இரண்டு கோலையும் அடித்தது ஒரு ஜிம்பாப்வேக்காரரும் ஒரு மொசாம்பிக்காரரும். லீக் தென்னாப்பிரிக்காவுடையது, கால்கள் அக்கம்பக்கத்து நாடு எல்லாவற்றிலிருந்தும் வந்தவை.

நடுவர் விசில்

பின்கதையையும் யாராவது எழுதுங்கள். அதில்தான் உண்மையான கொடுமை இருக்கிறது.

மிட்ராண்ட்வாசி

எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

கடைசி ஆட்டம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மிடென்டோர்ப் வீட்டுக்கு. அவர் இடத்துக்கு வந்தவர் கேவின் ஹன்ட், அதாவது விட்ஸ் விற்கப்பட்டதால் வேலை இழந்து நின்றவர். அவர் கையில் ஒரு புது ஆட்டக்காரரைக்கூட வாங்க முடியாத அணியைக் கொடுத்தார்கள். மடகாஸ்கர் ஆட்டக்காரர் ஒருவரை ஒப்பந்தம் செய்த விவகாரத்தில் ஃபிஃபா தடை போட்டிருந்தது, இரண்டு பரிமாற்றக் காலத்துக்கு.

இரண்டாம் இடம் பிடித்ததால் இந்த முறை ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் உண்டு. என் கணக்கு சரியென்றால் என்ன நடக்க வேண்டும்? வாரம் ஓர் ஆட்டம் போய் இரண்டு வந்தால் லீக்கில் சரிய வேண்டும். சரிந்தார்கள், எட்டாம் இடம். ஹன்ட் சீசன் முடிவதற்குள் 2021 மேயில் நீக்கப்பட்டார்.

ஆனால் ஆப்பிரிக்காவில்? யாரும் எதிர்பார்க்காமல் இறுதிப் போட்டி வரை போனார்கள். அவர்கள் வரலாற்றில் முதல் முறை. 2021 ஜூலை 17, காசாபிளாங்கா. எதிரே அல் அஹ்லி. அல் அஹ்லியின் கோச் யார்? பிட்சோ மொசிமானே. 2020 செப்டம்பர் கடைசியில் மூன்று கோப்பையோடு சண்டவுன்ஸை விட்டு கெய்ரோ போனவர். 3-0. பத்து மாத இடைவெளியில் அதே மனிதர் சீஃப்ஸின் கைக்கெட்டிய இரண்டு பெரிய கோப்பைகளைத் தட்டிப் பறித்தார், இரண்டு வேறு நாட்டு அணிகளோடு.

சண்டவுன்ஸ் அதற்கப்புறம் கோச் மாறியும் நிற்கவில்லை. 2017-18-இலிருந்து 2024-25 வரை எட்டு சீசன், எட்டும் அவர்களுக்கே. அந்த எட்டில் கடைசி நாள் வரை உயிரோடு இருந்த போட்டிகள் ரொம்பக் குறைவு. ஆகவே 2020-இல் கோட்டை விட்டது வெறும் ஒரு கோப்பை இல்லை, அந்தச் சங்கிலியை அறுக்கும் வாய்ப்பு.

அரைநேரம்

2025 மே மாதத்தை விட்டுவிட்டீர்களே அண்ணே. நெட்பேங்க் கோப்பை இறுதி, டர்பன், பைரட்ஸுக்கு எதிராக 2-1. கோச் நஸ்ரிதீன் நபி. யூசுப் மார்ட் பெனால்டி கட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்த வெற்றிக் கோல். பத்து வருஷ வறட்சி முடிந்த நாள். அந்த இரவு சீஃப்ஸ் ஜெர்சியில் கோப்பையைத் தூக்கியவர்களில் 2020-இல் சண்டவுன்ஸுக்காக ஆடிய சிரினோவும் உண்டு.

டர்பன்காரன்

அன்றைக்கு மோசஸ் மபீடா ஸ்டேடியத்தில் நான் இருந்தேன். என்னவோ பைரட்ஸ் ரசிகர் பக்கத்தில் டிக்கெட் கிடைத்தது, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் நடைபாதையில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணீர் பாட்டுக்கு ஓடுகிறது.

கோல்கம்பம்

முதல் பதிவில் வந்த காவலர் லிம்போபோக்காரர் என்றீர்களே. பரோகாவும் லிம்போபோ. கம்பாலா கோலால் ஊர் அணி தப்பித்ததில் அவருக்குக் கொஞ்சமாவது சந்தோஷம் இருந்ததா?

மிட்ராண்ட்வாசி

அதைத்தான் நானும் மறுநாள் கேட்டேன். "என் அம்மா வீட்டிலிருந்து அந்த மைதானத்துக்கு டாக்சியில் போகலாம்" என்றார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் ஜெர்சி போடவில்லை. மூன்றாம் நாள் பட்டன் மறுபடி திறந்திருந்தது.

2022-இல் பரோகா கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. நான் வேறு வீட்டுக்கு மாறியிருந்தேன், வாட்சப்பில் செய்தி அனுப்பினார். "எங்கள் கோப்பையையும் கெடுத்தார்கள், லீக்கிலும் தங்கவில்லை." கீழே சிரிக்கும் முகம் ஒன்று, அழும் முகம் ஒன்று, அப்புறம் அந்த இரண்டு விரல்.